300ஐ 450 ஆக்குவது: செலரான் 300ஏ, 440பிஎக்ஸ் போர்டில் பஸ் வேகம் மாற்றும் முழுமையான வழிகாட்டி

1998 ஆகஸ்ட் 24 அன்று இன்டெல் இரண்டு சிப்களைச் சந்தைக்கு விட்டது. ஒன்று பென்டியம் 2, 450 மெகாஹெர்ட்ஸ். மொத்த விற்பனை விலை 669 டாலர். இன்னொன்று செலரான் 300ஏ, 149 டாலர். சிப்பையும் போர்டையும் இணைக்கும் பாதையான பஸ்ஸின் வேகத்தை 66 மெகாஹெர்ட்ஸிலிருந்து 100க்கு ஏற்றினால் அந்த 149 டாலர் சிப்பும் 450இல் ஓடியது. ஓவர்கிளாக்கிங், அதாவது சிப்பை அதற்கு எழுதிய வேகத்துக்கு மேல் ஓட்டுவது, ஆய்வக வேலையாக இல்லாமல் வீட்டு மேஜைக்கு வந்ததில் இந்தச் சிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. பரணில் ஸ்லாட் 1 கணினி (சிப்பை அட்டையாகச் செருகும் வகை) ஒன்று தூங்கிக்கொண்டிருந்தாலோ, பழைய விளையாட்டுகளுக்காக ஒன்றைத் தேடி வாங்கியிருந்தாலோ, கீழே உள்ளது அதற்கான வேலைமுறை.

முதலில் பெயர்க் குழப்பம். ‘ஏ’ இல்லாத வெறும் செலரான் 300 வேறு சிப். அதில் எல்2 கேஷே (அடிக்கடி தேவைப்படும் தரவைச் சிப்புக்கு அருகில் வைக்கும் வேக நினைவகம்) கிடையாது. 300ஏயில் 128 கேபி கேஷ் சிப்புக்குள்ளேயே இருக்கிறது. சிப் எந்த வேகத்தில் ஓடுகிறதோ அதே வேகத்தில் கேஷும் ஓடும். அன்றைய பென்டியம் 2இல் 512 கேபி இருந்தாலும் அது தனிச் சிப்களில், பாதி வேகத்தில் ஓடியது. 300ஏ இவ்வளவு தூரம் ஏறியதற்கும் காரணம் இதுதான்: பின்னால் இழுக்க வெளிக் கேஷ் சிப் எதுவும் இல்லை.

கணக்கைப் புரிந்துகொள்ளாமல் கை வைக்காதீர்கள்

சிப்பின் வேகம் = பஸ் வேகம் × பெருக்கி. 300ஏயின் பெருக்கி 4.5. அது சிப்பிலேயே பூட்டப்பட்டது. பயாஸில் (கணினி கிளம்பும்போது ஓடும் அமைப்பு நிரல்) 5 என்று வைத்தாலும் 4.5தான் ஓடும். ஆகவே மாற்ற முடிந்தது பஸ் ஒன்றைத்தான். 66.6 × 4.5 = 300. 75 × 4.5 = 337. 83.3 × 4.5 = 375. 100 × 4.5 = 450.

இந்த வரிசையைப் பார்த்ததும் பெரும்பாலோர் செய்வது, “நேராக 100க்குப் போவானேன், முதலில் 75, பிறகு 83 என்று படிப்படியாக ஏறலாம்” என்பது. கேட்க நியாயமாக இருக்கிறது. இந்தப் போர்டில் அது தவறு. பஸ் வேகம் சிப்பை மட்டும் இழுத்துக்கொண்டு போவதில்லை. பிசிஐ (கார்டுகளுக்கான தடம்), ஏஜிபி (வீடியோ கார்டுக்கான தடம்), நினைவகம், ஹார்ட் டிஸ்க் கன்ட்ரோலர் எல்லாவற்றையும் சேர்த்தே இழுக்கிறது.

பிசிஐயின் முறையான வேகம் 33 மெகாஹெர்ட்ஸ், ஏஜிபிக்கு 66. இவை பஸ் வேகத்தை வகுத்துத்தான் கிடைக்கின்றன. 66 பஸ்ஸில் பிசிஐ பாதி, அதாவது 33. ஏஜிபி அப்படியே 66. 100 பஸ்ஸில் வகுப்பான் மாறிவிடும்: பிசிஐ மூன்றில் ஒன்று, 33.3, ஏஜிபி மூன்றில் இரண்டு, 66.6. இரண்டும் மறுபடி தங்கள் இடத்துக்கே வந்துவிடுகின்றன. இடையில் உள்ள 75லும் 83லும் பழைய வகுப்பானே நீடிக்கும். 83.3இல் பிசிஐ 41.7க்கும் ஏஜிபி 83க்கும் போய்விடும். அந்தப் பிசிஐயில் நாலில் ஒரு பங்காக ஓடும் ஐஎஸ்ஏ ஸ்லாட்டும் 8.3இலிருந்து 10.4க்கு ஏறும், பழைய சவுண்ட் கார்டு கரகரக்கும், அல்லது வாயே திறக்காது.

அதனால் சிப்புக்கு 375 சுலபம், 450 கடினம். மற்ற எல்லாவற்றுக்கும் 375 ஆபத்து, 450 பாதுகாப்பு. இந்த ஒரு விஷயம் பிடிபட்டால் பாதி வேலை முடிந்தது.

ஹார்ட் டிஸ்க்தான் இதில் உண்மையாக அடிபடும். இந்தப் போர்டுகளின் தென்பாலச் சிப் (சவுத்பிரிட்ஜ்) டிஸ்க்கை இணைக்கும் ஐடிஇ கேபிளில் எத்தனை நேரம் காத்திருக்க வேண்டும் என்பதைப் பிசிஐ துடிப்புகளை எண்ணித்தான் முடிவு செய்கிறது. துடிப்பு வேகமானால் காத்திருப்பு குறையும். அல்ட்ரா டிஎம்ஏ முறையில் கேபிளில் போகும் தரவுக்குப் பிழைச்சோதனை உண்டு. பழைய பிஐஓ முறையில் அது கிடையாது. “வேகத்தைக் குறைத்து பிஐஓவில் ஓட்டினால் பத்திரம்” என்று நம்பி மாற்றுபவர்கள் பிழையைக் கண்டுபிடிக்கும் ஒரே காவலையும் கழற்றிவிடுகிறார்கள். கோப்பு சத்தமில்லாமல் கெடும். இரண்டு வாரம் கழித்து ரெஜிஸ்ட்ரி பிழை என்று விண்டோஸ் 98 நிற்கும்போதுதான் தெரியும்.

திறந்து பார்க்க வேண்டியவை

மதர்போர்டு 440பிஎக்ஸ் சிப்செட்டில் இருக்க வேண்டும். 440எல்எக்ஸ், 440இஎக்ஸ் போர்டுகள் 66க்காகச் செய்யப்பட்டவை. அவற்றில் முயல வேண்டாம். ஏபிட் பிஎச்6 போன்ற போர்டில் பஸ், வோல்டேஜ் இரண்டையும் பயாஸிலேயே மாற்றலாம். ஏசஸ் பி2பி போன்றவற்றில் பஸ்ஸுக்கு ஜம்பர், அதாவது போர்டின் முனைகளை இணைக்கும் சிறு மூடி. பிராண்டட் கணினிகளோடு வந்த போர்டுகள் பலவற்றில் இரண்டும் இருக்காது. அதற்கான வழி கீழே வருகிறது.

போர்டில் சிப்புக்கு அருகே நிற்கும் உருளை கெபாசிட்டர்களின் தலையைப் பாருங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ அடியில் பழுப்பாகக் கசிந்திருந்தாலோ அதை மாற்றிய பிறகுதான் மற்றது. கடிகார பேட்டரி சிஆர்2032. இருபது வருடப் பேட்டரி இருந்தால் முதலில் புதிது போடுங்கள். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் பயாஸ் அமைப்பு அழிந்து, குற்றம் எங்கே என்று தெரியாமல் அலைவீர்கள்.

பவர் சப்ளையை மல்டிமீட்டரால் அளந்துவிடுங்கள். கணினி ஓடும்போது, ஹார்ட் டிஸ்க்குக்குப் போகும் நாலு முனை கனெக்டர்களில் சும்மா இருக்கும் ஒன்றில், சிவப்புக் கம்பிக்கும் கறுப்புக்கும் நடுவே 4.75இலிருந்து 5.25 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். இந்தக் காலப் போர்டுகள் சிப்புக்கான மின்சாரத்தை 5 வோல்ட் தடத்திலிருந்துதான் எடுக்கின்றன. இன்றைய பவர் சப்ளைகள் 12 வோல்ட்டில் பலம் காட்டிவிட்டு 5 வோல்ட்டைக் கஞ்சத்தனமாகத் தருபவை. 500 வாட் என்ற எண்ணைப் பார்த்து ஏமாறாமல் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 5 வோல்ட்டுக்கு எத்தனை ஆம்பியர் என்று படியுங்கள்.

நினைவகம். 440பிஎக்ஸில் நினைவகம் பஸ் வேகத்திலேயே ஓடும்; தனியாகக் குறைக்க வழியில்லை. பஸ் 100 என்றால் நினைவகமும் 100. பழைய பிசி66 நினைவகக் கம்பியை (ஸ்டிக்) வைத்துக்கொண்டு 450 வரவில்லை என்று சிப்பைத் திட்டியவர்கள் அனேகம். கம்பியில் ஸ்டிக்கர் இருந்தால் பிசி100-322-620 என்பது போல எழுதியிருக்கும். நடுவில் உள்ள மூன்று இலக்கங்கள்தான் நமக்கு வேண்டியது: முதலாவது காஸ் தாமதம் (நினைவகம் பதில் தர எடுக்கும் துடிப்புகள்), அடுத்தவை வரிசையிலிருந்து நிரலுக்குப் போகும் தாமதமும் முன்மின்னேற்றத் (பிரீசார்ஜ்) தாமதமும். 222 என்றால் மிக நல்லது, 322 போதும். ஸ்டிக்கர் இல்லையென்றால் கறுப்புச் சிப்பின் மேல் உள்ள எண்ணின் கடைசியைப் பாருங்கள். -8 என்றால் 8 நானோவினாடி, 125 வரை தாங்கும் சிப். -10 என்று முடிந்தால் சந்தேகத்தோடு பாருங்கள். காகிதத்தில் அது 100தான், நடைமுறையில் பல நழுவும். இன்று பழைய கடைகளில் கிடைக்கும் பிசி133 கம்பிகள் இங்கே 100இல் நிம்மதியாக ஓடும். ஒரு எச்சரிக்கை: எட்டே சிப்களில் 256 எம்பி தரும் கம்பியை 440பிஎக்ஸ் முழுதாகப் படிக்காது, பாதியைக் காட்டும் அல்லது கிளம்பவே கிளம்பாது. பதினாறு சிப் உள்ள 256 எம்பி வாங்குங்கள்.

கூலர்: ஹீட்சிங்க்கைக் கழற்றி, காய்ந்துபோன பழைய தெர்மல் பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் துடைத்துவிட்டு, ஒரு அரிசி மணி அளவு புதிதாக வையுங்கள். விசிறி முனகினால் மாற்றுங்கள். அவ்வளவு போதும்.

வேலை

1. ஹார்ட் டிஸ்க்கை அப்படியே இன்னொரு டிஸ்க்கில் இமேஜ் எடுத்துவிடுங்கள். முடிந்தால் சோதனைக்கென்றே தனியாக ஒரு பழைய டிஸ்க்கை மாட்டுங்கள். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்களுக்கு மேலே சொன்ன ரெஜிஸ்ட்ரி கதை காத்திருக்கிறது.

2. எதையும் மாற்றுவதற்கு முன் 300லேயே நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ ஒரு முழுச் சுற்று ஓடட்டும். 66இல் பிழை தரும் கம்பி 100இல் திருந்தாது.

3. தேவையில்லாத கார்டுகளைக் கழற்றுங்கள். வீடியோ கார்டு, ஒரு கம்பி நினைவகம், டிஸ்க். மோடமும் சவுண்டும் பிறகு.

4. கணினியைப் போட்டு டெலீட் விசையை அழுத்திப் பயாஸுக்குள் போங்கள். சிப்செட் பக்கத்தில் காஸ் லேட்டன்சி, ராஸ்-டு-காஸ் டிலே, ராஸ் பிரீசார்ஜ் மூன்றையும் 3 ஆக வையுங்கள். நல்ல கம்பியாகவே இருந்தாலும் முதலில் தளர்வாகத் தொடங்குங்கள். இறுக்குவது கடைசி வேலை. ஸ்பிரெட் ஸ்பெக்ட்ரம் இருந்தால் அணையுங்கள். அது மின்காந்த இரைச்சலைப் பரப்பிக் குறைக்கத் துடிப்பைக் கொஞ்சம் ஆட்டிக்கொண்டே இருக்கும். விளிம்பில் ஓட்டும்போது அந்த ஆட்டம் வேண்டாம்.

5. சாஃப்ட்மெனு உள்ள ஏபிட் போர்டில் சிப் வேகத்தை ‘யூசர் டிஃபைன்’ ஆக்கி, பஸ் 100, வோல்டேஜ் 2.0. அங்கேயே இருக்கும் ‘ஸ்பீட் எரர் ஹோல்ட்’ அணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் சிப் சொல்லும் வேகமும் நீங்கள் வைத்த வேகமும் ஒத்துப்போகவில்லை என்று போர்டே நின்றுவிடும். ஜம்பர் போர்டு என்றால் மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, போர்டில் அச்சிட்டிருக்கும் அட்டவணைப்படி பஸ் ஜம்பரை 100க்கு மாற்றுங்கள். பெருக்கி ஜம்பரைத் தொட வேண்டாம்.

6. சேமித்து வெளியே வாருங்கள். திரையில் 450 வந்தால் உடனே விண்டோஸுக்குள் போகாதீர்கள். மறுபடி மெம்டெஸ்ட்86+, இரண்டு முழுச் சுற்று. அதில் தப்பினால்தான் டிஸ்க்கைத் தொட அனுமதி.

திரை கறுப்பாகவே நின்றால் பதற வேண்டியதில்லை. பவரை அணைத்து, இன்சர்ட் விசையை அழுத்திப் பிடித்தபடியே மறுபடி போடுங்கள். அவார்டு பயாஸ் உள்ள பல போர்டுகள் சிப் அமைப்பைப் பழையபடி ஆக்கிக்கொள்ளும். அதுவும் பலிக்காவிட்டால், பயாஸ் அமைப்பு சேமிக்கப்படும் சிமாஸை அழிக்கும் ஜம்பர். இரண்டும் இல்லையென்றால் மின்கம்பியைப் பிடுங்கி, பேட்டரியைக் கழற்றிப் பத்து நிமிடம் வைத்திருங்கள்.

ஜம்பரே இல்லாத போர்டில்: பி21

ஸ்லாட் 1 சிப் தன் பஸ் வேகத்தை ஒரே ஒரு தொடுமுனை வழியாகப் போர்டுக்குச் சொல்கிறது. அதன் பெயர் பி21. செலரானில் அது தரையோடு இணைந்திருக்கிறது. போர்டு அதைப் பார்த்து “66” என்று எடுத்துக்கொள்ளும். அந்த முனையை மூடிவிட்டால் போர்டுக்குச் சேதி போகாது. சேதி இல்லையென்றால் “100” என்று எடுத்துக்கொள்ளும்.

செலரான் அட்டையின் விளிம்பில் பொன்னிறத் தொடுமுனைகள் பக்கத்துக்கு 121. நடுவில் ஒரு வெட்டு அவற்றை 73, 48 என்று பிரிக்கிறது. எண்ணிக்கை நீளமான பகுதியின் ஓரத்திலிருந்து தொடங்கும். முனைகள் மேலும் கீழுமாக இரண்டு வரிசையில் மாறி மாறி நிற்பதால் கண்ணால் எண்ணினால் நிச்சயம் தவறும். ஊசி முனையை வைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுங்கள், இரண்டு முறை. எந்தப் பக்கம் ஏ, எது பி என்பதை இன்டெலின் தரவுத்தாளில் உள்ள படத்தோடு ஒப்பிட்டு உறுதி செய்யுங்கள். பிறகு மல்டிமீட்டரைத் தொடர்ச்சி நிலையில் வைத்து, அந்த முனை தரையோடு இணைந்திருக்கிறதா என்று பாருங்கள். ‘பீப்’ கேட்காவிட்டால் நீங்கள் நிற்பது தப்பான முனையில். கேட்டாலும் கொண்டாட வேண்டாம்; பக்கத்தில் வேறு தரை முனைகளும் உண்டு. எண்ணிக்கையும் பீப்பும் இரண்டும் ஒத்துப்போக வேண்டும்.

மூடுவதற்கு நெயில் பாலிஷ் போதும். தூரிகையில் அல்ல, பல்குத்தும் குச்சியின் நுனியில் எடுத்து, அந்த ஒரு முனையின் மேல் மட்டும் மெல்லிசாக. அரை மணி காய்ந்ததும் இன்னொரு பூச்சு. டேப்பும் ஒட்டலாம், ஆனால் ஸ்லாட்டுக்குள் நுழையும்போது டேப் சுருண்டு பக்கத்து முனையையும் மறைத்துவிடும். தவறினால் அசிட்டோன் தொட்ட பஞ்சால் துடைத்துப் பழையபடி ஆக்கிக்கொள்ளலாம். சிப்பை அடிக்கடி கழற்றி மாட்டினால் பாலிஷ் தேய்ந்து, ஒருநாள் திடீரென 300 என்று காட்டும். பயப்படாமல் மறுபடி பூசுங்கள்.

300ஏ ஸ்லாட் வடிவில் அல்லாமல் சதுரமான சாக்கெட் 370 வடிவிலும் வந்தது. அதை ஸ்லாட்டில் மாட்ட உதவும் இடைப்பலகைகள் பலவற்றில் 66/100 ஜம்பர் இருக்கும். அது இருந்தால் நெயில் பாலிஷ் அலமாரியிலேயே இருக்கட்டும்.

வோல்டேஜும் சூடும்

பல 300ஏ சிப்கள் 2.0 வோல்ட்டிலேயே 450ஐத் தாங்கின. தாங்காததற்குக் கொஞ்சம் ஏற்றலாம். இந்தப் போர்டுகளின் வோல்டேஜ் சீராக்கி 2.05 வரை 0.05 படியாகவும், அதற்கு மேல் 0.1 படியாகவும்தான் ஏறும், அதாவது 2.05, 2.1, 2.2. ஒவ்வொரு படியிலும் சோதியுங்கள். 2.2க்கு மேல் போக எங்களுக்கு மனமில்லை. 2.2லும் நிலையாக ஓடாத சிப் 2.3இல் ஓடினாலும் விளிம்பில்தான் ஓடும்.

மின்செலவு வேகத்தோடு நேராகவும் வோல்டேஜோடு வர்க்கமாகவும் ஏறுகிறது. 2.0இலேயே 450க்குப் போனால் 1.5 மடங்கு. 2.2உம் சேர்ந்தால் 1.5 × 1.21, கிட்டத்தட்ட 1.8 மடங்கு. வெறும் 0.2 வோல்ட் என்று தோன்றினாலும் சூடு எழுதிவைத்ததைவிட ஏறத்தாழ இரட்டிப்பு. இந்தச் சிப்பின் மேற்பரப்புக்கு இன்டெல் வைத்த எல்லை 85 டிகிரி. ஆனால் ஏற்றி ஓட்டும் சிப் அதற்கு வெகு முன்னாலேயே தடுமாறும். சித்திரை வெயிலில் அறையே 38 டிகிரியில் இருக்கும்போது, மார்கழியில் ஓடிய அமைப்பு நிலையாக ஓடாமல் போவது இதனால்தான். சோதனையை மதியம் இரண்டு மணிக்குச் செய்யுங்கள், அதுவும் பெட்டியை மூடி வைத்து. மூடியைக் கழற்றிவைத்து எடுத்த வெற்றி கணக்கில் சேராது.

சோதனை, கோளாறு

விண்டோஸ் ஏறியதும் பிரைம்95இன் பழைய பதிப்பை டார்ச்சர் டெஸ்ட்டில் எட்டு மணி நேரம் ஓட்டுங்கள். இது கணக்கிட்ட விடையைத் தெரிந்த விடையோடு ஒப்பிடுவதால், திரை உறையாமலே நடக்கும் சின்னத் தப்பையும் பிடிக்கும். பிறகு முப்பரிமாண விளையாட்டு ஒன்றின் டெமோவை ஒரு மணி நேரம் சுழல விடுங்கள். அது ஏஜிபிக்கான பரீட்சை.

என்ன நடந்தால் எங்கே பார்ப்பது:

திரையே வராவிட்டால் நினைவகத்தை முதலில் சந்தேகியுங்கள், சிப்பை அல்ல. வேறு கம்பி போட்டுப் பாருங்கள்.

450 என்று காட்டிவிட்டு விண்டோஸ் ஏறும்போது நின்றால் வோல்டேஜை ஒரு படி ஏற்றுங்கள். மாற்றமில்லை என்றால் பயாஸில் எல்2 கேஷை அணைத்து ஓட்டுங்கள். கணினி ஆமையாகிவிடும், ஆனால் அப்போது நிலையாக ஓடினால் தடை கேஷில் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சிப்புக்கு 450 விதிக்கப்படவில்லை.

ஐந்து நிமிடம் ஓடி நிற்கிறது, ஆறியபின் மறுபடி ஓடுகிறது என்றால் சூடு. ஹீட்சிங்க் கிளிப் ஒரு பக்கம் தளர்ந்திருக்கிறதா பாருங்கள்.

பிரைம்95 சரியாக ஓடுகிறது, மெம்டெஸ்ட் மட்டும் எப்போதும் ஒரே முகவரியில் பிழை தருகிறது என்றால் கம்பி பழுது. முகவரி மாறிக்கொண்டே இருந்தால் தாமத அமைப்பு இறுக்கமாக இருக்கிறது, அல்லது மூன்று நினைவக ஸ்லாட்டையும் நிரப்பியிருக்கிறீர்கள். இரண்டோடு நிறுத்துங்கள்.

எல்லாம் நிலையாக ஓடிய பிறகு காஸை 3இலிருந்து 2க்கு இறக்கிப் பாருங்கள். பஸ் 66இலிருந்து 100க்குப் போனதில் நினைவகத்தின் உச்சத் தரவு வேகம் வினாடிக்கு 533 எம்பியிலிருந்து 800க்கு ஏறியிருக்கும். விளையாட்டில் தெரியும் வேகத்தில் இதற்கும் பங்கு உண்டு.

450 வராத சிப்பை என்ன செய்வது? 83ஐ நாங்கள் சொல்ல மாட்டோம். 75இல் பிசிஐ 37.5, பல கார்டுகளும் டிஸ்க்குகளும் பொறுத்துக்கொள்ளும், ஆனால் கிடைப்பது 37 மெகாஹெர்ட்ஸ். அதற்காகத் தரவைப் பணயம் வைப்பதைவிட 300லேயே விட்டுவிடலாம். எதிர்ப்பக்கம், 450 சிரமமின்றி ஓடினால் 103இல் 464, 112இல் 504. 103இல் பிசிஐ 34.3, கவலையில்லை. 112இல் பிசிஐ 37.3, ஏஜிபி 74.7, இங்கே மறுபடி டிஸ்க்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற சிப்கள்

இதே கணக்கில் செலரான் 333 (பெருக்கி 5) 500ஐயும், 366 (5.5) 550ஐயும் தொட வேண்டும். 300ஏயைவிடக் குறைவான சிப்கள்தான் தொடும். 400இன் பெருக்கி 6. 100இல் 600 கேட்கிறது. இந்தத் தலைமுறையிடம் அதைக் கேட்காதீர்கள்.

அடுத்த தலைமுறையில் செலரான் 566 (8.5) நல்ல வேட்டை: 100 பஸ்ஸில் 850. ஆனால் அது 1.5 வோல்ட் சிப். ஆரம்பகால 440பிஎக்ஸ் போர்டுகளின் சீராக்கி 1.8க்குக் கீழே இறங்காது. மாட்டுவதற்கு முன் உங்கள் போர்டின் திருத்த எண்ணைப் பாருங்கள்.

பென்டியம் 3இன் 700இ (7 × 100) 133 பஸ்ஸில் 933 ஆகும். பிசிஐயை நாலால் வகுக்கத் தெரிந்த போர்டில்தான் இதைச் செய்யலாம். இல்லையென்றால் பிசிஐ 44க்குப் போய்விடும். ஏஜிபிக்குப் பஸ்ஸில் பாதி என்ற வகுப்பான் இல்லை, அது 89இல் ஓடியே ஆக வேண்டும். வாங்குவதற்கு முன் வீடியோ கார்டை அதில் ஓட்டிப் பார்க்க விடுகிறார்களா என்று கடைக்காரரிடம் கேளுங்கள். 133இல் வடபாலச் சிப்பும் (நார்த்பிரிட்ஜ்) தன் எல்லைக்கு வெளியேதான் ஓடுகிறது. அதன் ஹீட்சிங்க்குக்கு மேல் 40 மில்லிமீட்டர் விசிறி ஒன்றை வையுங்கள்.